பச்சிளங்குழந்தைக்குப் போட்ட குழாய்: தக்தீரா, தவறா?

 

நம் திண்டுக்கல் பகுதியில் குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பால் குடிக்கவும் தெம்பில்லாத அந்தப் பிள்ளைக்கு, தொப்புள்கொடி வழியாகவோ கை கால் வழியாகவோ, நூல் போன்ற குழாயை இதயத்தருகே உள்ள பெரிய ரத்தநாளம் வரை செலுத்துவார்கள். ஊட்டமும் மருந்தும் அதன் வழியே போகும்.

உயிர் காக்கும் அந்தக் குழாயே சில நேரம் ஆபத்தாகிறது. கிருமி ரத்தத்தில் கலக்கலாம். ரத்தம் உறைந்து அடைக்கலாம். முனை இடம் மாறினால் இதயத்தைச் சுற்றி நீர் தேங்கி உயிரே போகலாம்.

அப்போது ‘அல்லாஹ்வின் நாட்டம்’ என்று பொறுப்பதா, மருத்துவர் மேல் பாய்வதா?

2023இல் சென்னையில் ஒரு சிறு குழந்தையின் கையை அகற்ற நேர்ந்தது. கையில் போட்ட சாதாரண ஊசிக்குழாய்தான் காரணம் என்றது குடும்பம். கிருமித்தொற்றே காரணம் என்றது அரசின் விசாரணைக் குழு. இப்படிப்பட்ட நேரத்தில் நியாயத்தை எதைக் கொண்டு அளப்பது?

மருத்துவம் அறியாதவர் வைத்தியம் செய்தால் விளைவுக்கு அவரே பொறுப்பு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. ஃபிக்ஹு அறிஞர்கள் மேலும் விளக்கினார்கள்: தொழில் அறிந்தவர், அனுமதி பெற்று, முறைப்படி செய்தும் தீங்கு நேர்ந்தால் அவர் மீது குற்றமில்லை. அலட்சியம் காட்டினால் அவர் ஈடு தர வேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது: கை கழுவினார்களா? முனை எங்கே நிற்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்தார்களா? தேவை முடிந்ததும் குழாயை எடுத்தார்களா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், கை கழுவுதல் முதலான 5 எளிய விதிகளைக் கட்டாயமாக்கினார்கள். விதி தவறும் மருத்துவரை நிறுத்தும் உரிமையைச் செவிலியருக்குக் கொடுத்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, குழாய்வழித் தொற்று ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. விதி என்று எண்ணியதில் எவ்வளவு நம் கைகளில் இருந்தது, பாருங்கள்!

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும் மார்க்கம் நம்முடையது. கையெழுத்திடும் முன் ஆபத்துகளைக் கேளுங்கள். ‘இன்றும் இந்தக் குழாய் தேவையா?’ என்று தினமும் பணிவோடு கேளுங்கள். பிள்ளையைத் தொடும் முன் நீங்களும் கை கழுவுங்கள். முறைப்படி செய்தும் பிள்ளை தவறினால் ஸப்ரு செய்யுங்கள். மருத்துவர் மீது கை ஓங்காதீர்கள். அலட்சியம் நடந்திருந்தால் முறையாகப் புகார் கொடுங்கள். அது தக்தீரை மறுப்பதாகாது. அடுத்த பிள்ளையைக் காப்பதாகும்.

பிள்ளைகள் அமானிதம். அதைப் பேணும் பெற்றோருக்கும் மருத்துவருக்கும் அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.