பாதிக் கதையும் மீதிக் கடனும்

1954 டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி காலமானபோது, அவருடைய 'அமரதாரா' தொடர்கதை பாதியில் நின்றது. அதை எழுதி முடித்தவர் அவருடைய மகள் ஆனந்தி. தகப்பன் விட்டுப்போன வேலையை மகள் எடுத்துச் செய்தாள் என்று வாசகர்கள் அதை மனம் நிறைந்து ஏற்றுக்கொண்டார்கள். அங்கே யாருக்கும் பெரிய சந்தேகம் எழவில்லை.

'பொன்னியின் செல்வன்' விஷயம் அப்படியல்ல. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த அந்தக் கதையைக் கல்கி தம் கையாலேயே முடித்திருந்தார். முடித்த விதம் போதவில்லை என்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு முடிவுரையும் எழுதினார். ஆனாலும் தாகம் தணியவில்லை. அவர் மறைந்த பிறகு, 'அமுதசுரபி' இதழை நெடுங்காலம் நடத்திய விக்கிரமன், கல்கி நிறுத்திய இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்து 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். குந்தவையும் வந்தியத்தேவனும் மீண்டும் நடமாடினார்கள்.

அவர்கள் அதே குந்தவையும் அதே வந்தியத்தேவனும்தானா? ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வந்த அந்த வாணர்குல வாலிபன், கல்கியின் பேனா ஓய்ந்த பிறகும் அவனாகவே இருக்க முடியுமா? இல்லை, பெயரும் உடையும் மட்டும் ஒன்றாக, உள்ளே இருப்பவன் வேறொருவனா? தொடர்கதை வாசகர் கேட்பதுபோலத் தோன்றும் இந்தக் கேள்வியைத்தான் இந்தியச் சமயங்கள் மறுபிறவியை வைத்து நூற்றாண்டுக் கணக்கில் விவாதித்தன. உடல் மாறியபின் தொடர்வது எது? எதை வைத்து 'அவனே இவன்' என்கிறோம்?

பாலி மொழியில் உள்ள 'மிலிந்த பஞ்ஹா' நூலில் கிரேக்க அரசன் மிலிந்தன் பௌத்தத் துறவி நாகசேனரிடம் நேராகவே கேட்கிறான்: மறுபடி பிறப்பவன் அவனா, வேறொருவனா? அவனுமல்ல, வேறொருவனுமல்ல என்கிறார் நாகசேனர். இரவெல்லாம் எரியும் விளக்கைக் காட்டுகிறார். முதல் யாமத்துச் சுடர்தான் கடைசி யாமத்துச் சுடர் என்று சொல்ல முடியாது. ஆனால் எரிந்தது ஒரே விளக்கு. பால் தயிராகி, வெண்ணெயாகி, நெய்யாவதையும் சொல்கிறார். நெய்யைப் பால் என்று யாரும் சொல்வதில்லை. பால் இல்லாமல் அந்த நெய் வந்திருக்கவும் முடியாது.

இறந்தவரின் கதையைத் தொடர்ந்து எழுதுபவருக்கு இந்தப் பதில் பெரிய ஆறுதல். கல்கியின் சுடரிலிருந்து விக்கிரமன் ஏற்றிக்கொண்டார் என்று சொல்லிவிடலாம்.

நியாய தரிசனத்தார் இதை அவ்வளவு எளிதில் விடமாட்டார்கள். ஒருவர் கண்டதை இன்னொருவர் நினைவுகூர முடியாது என்பது அவர்களுடைய வலுவான வாதம். நேற்றுக் கண்ணால் பார்த்ததை இன்று கையால் தொட்டு, 'நான் பார்த்தது இதைத்தான்' என்று சொல்ல, இரண்டு நாளும் நிலைத்திருக்கும் ஒரே ஆன்மா வேண்டும். ஏறக்குறைய ராஜராஜன் காலத்தவராகக் கருதப்படும் மிதிலையின் உதயனர், பௌத்தர்களை எதிர்த்து 'ஆத்ம தத்துவ விவேகம்' என்று ஒரு நூலே எழுதினார். தஞ்சையில் சோழர்கள் எழுச்சிபெற்ற காலத்தில், வடக்கே 'ஒருவன் அதே ஒருவனாக இருப்பது எப்படி' என்ற சண்டை உச்சத்தில் இருந்தது.

உதயனர் பக்கத்து வாதத்தைக் கதைக்குப் பொருத்தினால் அது கூர்மையாகவே குத்துகிறது. கல்கி ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் போய் அந்தக் கதையின் இடங்களைப் பார்த்துவந்தவர். அவர் மனத்தில் பதிந்தவற்றில் எழுத்தில் இறங்கியது ஒரு பங்குதான். இறங்காமல் நின்ற மிச்சம் அவரோடு போய்விட்டது. பின்னால் வருபவர் அந்த மிச்சத்தை ஊகிக்கலாம், நினைவுகூர முடியாது.

இரு தரப்பும் சொல்லாமல் விட்ட ஒரு சாட்சி உண்டு. அது வாசகர். வந்தியத்தேவனின் அவசரபுத்தியும் வாய்த்துடுக்கும் படித்தவர்கள் நினைவிலும் வாழ்கின்றன. அவன் வாயில் பொருந்தாத ஒரு சொல்லை வைத்தால், 'இவன் அவனல்ல' என்று பத்து வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பாத்திரத்தின் அடையாளம் எழுதியவரோடு முற்றிலும் அழிவதில்லை. அழிந்திருந்தால் தவறு என்று சொல்லவே யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆனால் அடையாளம் நிலைத்திருப்பது உரிமை ஆகிவிடாது. ஸ்பெயினில் 1614-இல் அவெல்லனேதா என்ற புனைபெயரில் ஒருவர் 'டான் குயிக்ஸோட்' கதைக்குத் தாமே இரண்டாம் பாகம் எழுதி வெளியிட்டார். அப்போது மூலக் கதையை எழுதிய செர்வாண்டிஸ் உயிரோடு இருந்தார். 1615-இல் தம்முடைய இரண்டாம் பாகத்தை வெளியிட்டு, போலிக் கதையில் சரகோசாவுக்குப் போன தம் நாயகனை பார்சலோனாவுக்குத் திருப்பிவிட்டார். இனி எவரும் தொட முடியாதபடி கடைசியில் அவனுக்கு இயற்கையான மரணத்தையும் கொடுத்தார். உயிரோடு இருப்பவர் இப்படிப் பதில் சொல்ல முடியும். இறந்தவரால் முடியாது. இந்தப் பிரச்சினையின் அறம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அதனால் சிலர் மௌனத்தையே மரியாதையாகக் கொள்கிறார்கள். நெப்போலியன் காலத்துக் கடற்போர்களை வைத்து ஜாக் ஆப்ரி, ஸ்டீபன் மாச்சுரின் என்ற இரு நண்பர்களின் கதையை 20 நாவல்களாக எழுதிய பேட்ரிக் ஓ'பிரையன் 2000 ஜனவரியில் இறந்தார். 21-ஆம் நாவல் சில அத்தியாயங்களோடு நின்றுபோயிருந்தது. 2004-இல் அதை நின்ற நிலையிலேயே அச்சிட்டார்கள். வேறு கையைச் சேர்க்கவில்லை. பிரான்சின் ஆஸ்டெரிக்ஸ் கதை வேறு வழியில் போனது. எழுத்தாளர் கோசினி 1977-இல் மறைந்த பின் ஓவியர் உதெர்சோ தனியாகத் தொடர்ந்தார். 2013-இல் அவர் உயிரோடு இருக்கும்போதே பொறுப்பு புதிய இருவரிடம் போனது.

தமிழ்நாட்டில் கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையாயின. இன்று அவற்றை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே எப்படி நடந்துகொள்வது என்பதைச் சட்டம் சொல்லாது.

சரித்திரக் கதையில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வந்தியத்தேவன் கல்கி படைத்தவன் மட்டுமல்ல. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று சொல்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன் உள்ளிட்ட சகோதரர்களை உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்லிக் காட்டுகிறது. கல்லில் இருக்கும் மனிதர்கள் எந்த எழுத்தாளருக்கும் சொந்தமல்ல. நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் கற்பனை. ஆக, கல்கியும் தொடர்ந்து எழுதியவர்தான். கல் சொல்லி நிறுத்திய வாக்கியத்தை அவர் நீட்டினார். கரிகாலன் கொலையில் மட்டும் அவர் தீர்ப்பு எழுதவில்லை. கடம்பூர் மாளிகையின் இருட்டில் அதைச் சந்தேகமாகவே விட்டுவைத்தார். கல்கி தெரிந்தே திறந்துவைத்த அந்தக் கதவை, தொடர வருபவர் 'மறந்துவிட்டார்' என்று எண்ணிச் சாத்தினால், அது இறந்தவரின் வாயைப் பொத்துவதாகும்.

வேதம் மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது. தேவர்களுக்கு வேள்வி, முன்னோருக்குப் பிள்ளைப்பேறு, ரிஷிகளுக்குக் கற்றல். தொடர்ந்து எழுதுவதைக் கடைசிக் கடனின் கணக்கில் வைத்தால்தான் அதற்கு மரியாதை. கடனாளி தன் பெயரை மறைப்பதில்லை, கொடுத்தவர் பெயரையும் மறப்பதில்லை. விக்கிரமன் தம் பெயரில், தம் தலைப்பில் எழுதினார். கல்கியின் ஆறாம் பாகம் என்று அவர் வேஷம் கட்டவில்லை.

இந்தக் கடனை மிக அழகாகச் செலுத்தியவர் ஏழாம் நூற்றாண்டில் இருந்தார். ஹர்ஷரின் அவைக் கவி பாணபட்டர் 'காதம்பரி'யை முடிக்காமல் இறந்தார். காதம்பரி பேசிக்கொண்டிருக்கும் இடத்திலேயே அவர் எழுத்து நின்றது. நிலவுக் கடவுள் சந்திராபீடனாகவும் பிறகு சூத்திரக மன்னனாகவும், ஒரு முனிகுமாரன் வைசம்பாயனனாகவும் பிறகு கிளியாகவும் பிறக்கும் கதை அது. உடல் மாறினாலும் காதல் மாறவில்லை என்று சொல்ல வந்த கதை, தன்னை எழுதும் உடல் மாறும்படி ஆனது.

மகன் பூஷணபட்டர் அதை எடுத்தார். கவிச்செருக்கால் அல்ல, கதை நின்றதில் நல்லோர் வருந்துவதைக் கண்டே தொடங்கியதாக முன்னுரைச் செய்யுளில் சொல்கிறார். அதற்கு முன் அவர் வணங்குவது அர்த்தநாரீசுவரரை. இரு பாதிகள் கூடி ஓருடலாகி, ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் தெய்வம் அது. கடினமான மீதிக் கதை கைகூட வேண்டும் என்று அந்தத் தெய்வத்திடம் கேட்கிறார். ஒட்டுத் தெரியக்கூடாது என்று வேண்டியவர், அந்த வேண்டுதலையே ஒட்டிய இடத்தில் எழுதிவைத்தார். இன்றைக்கும் அச்சுப் பிரதிகளில் பூர்வபாகம் முடிந்து பக்கம் திரும்பினால், தகப்பனின் காதம்பரி பாதிப் பேச்சில் நிற்க, மகன் கைகூப்பி நிற்கும் அந்தச் செய்யுள்தான் முதலில் வருகிறது.