நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது

1950களின் லண்டன். தேசிய மருத்துவச் சேவை தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. டாவிஸ்டாக் கிளினிக்கில் பொது மருத்துவர்கள் சிலர் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேச வாரந்தோறும் கூடினார்கள். அவர்களைக் கூட்டியவர் மைக்கேல் பாலின்ட். புடாபெஸ்டில் ஒரு பொது மருத்துவரின் மகனாகப் பிறந்த உளப்பகுப்பாய்வாளர். பின்னாளில் அவர் மனைவியான ஈனிட், குடும்பச் சிக்கல்களைக் கவனித்துவந்த சமூகப் பணியாளர்களோடு நடத்திய கலந்துரையாடல்களிலிருந்துதான் இந்த முறை கிளைத்தது. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அங்கிருந்த ஒரு விதி எனக்குப் பிடித்தது. பேச வந்தவர் கையில் குறிப்பு எதுவும் வைத்திருக்கக் கூடாது. நோயாளியைப் பற்றி நினைவிலிருந்தே சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்கிறார், எதை மறந்துபோகிறார், எந்த இடத்தில் குரல் கடுமையாகிறது? அதைத்தான் மற்றவர்கள் கவனிப்பார்கள்.

*

ஒரு பெண் வாரம் தவறாமல் தலைவலி என்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. பட்டியலில் அவர் பெயரைப் பார்த்தாலே மருத்துவருக்குச் சலிப்பு. அதை விழுங்கிக்கொள்வதுதான் நாகரிகம் என்று பழகியிருக்கிறோம். பாலின்ட் குழுவிலோ, எக்ஸ்ரே படத்தைப்போல அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் வீட்டிலும் எல்லோரும் இப்படித்தான் சலித்துக்கொள்கிறார்களோ?

1955இல் அமெரிக்காவில் ஹெரால்ட் சியர்ல்ஸ் இன்னொரு படி மேலே போனார். நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் நடுவே நடப்பது, சிகிச்சையாளருக்கும் அவர் சொல்வதைக் கேட்டு வழிகாட்டும் மேற்பார்வையாளருக்கும் நடுவே மறுபடி நிகழ்வதுண்டு என்றார். அப்படியானால், கேட்டுக்கொண்டிருக்கும் மூத்தவருக்குத் திடீரென்று தூக்கம் வந்தால் அதுவும் ஒரு தகவல்தான். (மதியச் சாப்பாட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.)

*

இன்றைய பாலின்ட் குழுக்கள் பலவற்றில், சொல்லி முடித்தவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். அதன்பிறகு சிறிது நேரம் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் அந்தப் பெண்ணாகவே பேசிப் பார்ப்பார். இன்னொருவர் மருத்துவர்மேல் கோபப்படுவார். "அப்படியில்லைங்க, நான் சொல்ல வந்தது..." என்று நாக்கு நுனிவரை வரும். நாள் முழுக்கப் பதில் சொல்லியே பழகியவருக்கு அதை அடக்குவது லேசில்லை.

*

இப்படிப் பேச ஓர் இடமில்லாவிட்டால் என்ன ஆகும்? 1960இல் இசபெல் மென்சிஸ், லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியரைப் பற்றி எழுதினார். யாரும் ஒரே நோயாளியோடு நெடுநேரம் இருந்துவிடாதபடி அங்கே வேலைகள் துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தன. நோயாளிகளுக்குப் பெயர் போய்ப் படுக்கை எண்ணும் பழுதான உறுப்பும்தான் மிஞ்சின. வேதனை நெருங்காமலிருக்க மருத்துவமனையே செய்துகொண்ட ஏற்பாடு அது. ஆனால் பதற்றம் தீரவில்லை. பயிற்சிக்கு வந்த பெண்கள் பாதியிலேயே விலகிக்கொண்டிருந்தார்கள். நம்மூர் வார்டில் "எட்டாம் பெட்டுக்கு டிரிப் மாத்தியாச்சா?" என்று கேட்கும் சிஸ்டரிடம் இரக்கமில்லை என்று சொல்லுமுன் மென்சிஸைப் படித்துவிடுவது நல்லது.

*

பேசாமல் எழுதினால் போதாதா? இப்போது பிரிட்டனில் மருத்துவர்கள் தம் அனுபவங்களைச் சிந்தித்து, பெரும்பாலும் எழுத்தில், ஆண்டு மதிப்பீட்டில் காட்ட வேண்டும். 2018 ஜனவரியில், ஒரு சிறுவன் இறந்த வழக்கில் தண்டனை பெற்றிருந்த பயிற்சி மருத்துவர் ஒருவரை மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதையடுத்து, இப்படி எழுதியதெல்லாம் நாளைக்கு நமக்கே எதிர்ச்சாட்சியாகுமோ என்ற பயம் மருத்துவர்களிடையே பரவியது. ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்த்தது. பயம் அவ்வளவு சீக்கிரம் போகிறதா என்ன?

மதிப்பிடுபவர் கண்ணில் படும் தாளில், "அந்த நோயாளியை எனக்குப் பிடிக்கவில்லை" என்று யார் எழுதுவார்? "நல்ல பாடம் கற்றேன்" என்று எழுதுவார்கள். மேலதிகாரியே மேற்பார்வையாளராகவும் உட்காரும் இடங்களில் வாய்ப்பேச்சும் இப்படித்தான் இருக்கும். பதவி உயர்வில் கையில்லாத ஒருவரை வெளியிலிருந்து, கட்டணம் கொடுத்தே அழைக்கலாம் என்பது என் கட்சி. செலவைவிட நேரம்தான் பெரிய தடை. டியூட்டிக்கு ஆள் குறையும் வாரத்தில் முதலில் ரத்தாவது இப்படி உட்கார்ந்து பேசும் அந்த ஒரு மணி நேரம்தான்.