பாதி மாத்திரை

மனச்சோர்வுக்கு மருந்தே எடுக்காதவர்களைப் பற்றி ஊரில் நிறையப் பேச்சு உண்டு. கொஞ்சமாக எடுப்பவர்களைப் பற்றிப் பேச்சில்லை. கிள்ளானில் எனக்குத் தெரிந்த வீடுகளில் இரண்டாவது வகைதான் அதிகம். "மருந்து சாப்பிடுறீங்களா?" என்றால் "சாப்பிடுறேன்" என்பார்கள். அது பொய்யும் இல்லை. எவ்வளவு என்று கேட்டால்தான் கதை வெளியே வரும்.

*

2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023இல் அது 4.6 விழுக்காடு. ஏறக்குறைய பத்து லட்சம் பேர். காலையில் கிள்ளானில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கும் கொமுட்டர் ரயில் கூட்டத்தில், நூறு பேருக்கு நாலைந்து பேர் என்று வைத்துக்கொள்ளலாம். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லார் முகமும் கைப்பேசியில் இருக்கிறது.

*

பெரியம்மா மகள், எனக்கு அக்கா. துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் கணக்கு வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் பார்த்தேன். செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்தின் 50 மில்லிகிராம் மாத்திரையை மைலோ டின் மூடியில் வைத்து, பழம் வெட்டும் கத்தியால் அழுத்தினாள். சரிபாதியாக உடையவில்லை. ஒரு துண்டு பெரிது, ஒன்று சிறிது, மூடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள். சிறிய துண்டை வாயில் போட்டுக்கொண்டு பெரியதைப் பிளாஸ்டிக் பைக்குள் திரும்பப் போட்டாள். பையின் மேல் ஒட்டிய தாளில் 'சத்து பிஜி, பாகி' என்று மலாயில் அச்சடித்திருந்தது. காலையில் ஒன்று. அரை என்று எங்கும் இல்லை.

"ஏன்க்கா பாதி?"

"முழுசு போட்டா வயித்தப் பொரட்டுது தம்பி. பாதியா போட்டா ரெண்டு மாசத்துக்கு வரும். மாசாமாசம் மருந்து எடுக்க லீவு கேட்டா சூப்பர்வைசர் மூஞ்சியப் பாக்கணுமே."

அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி, மருந்துக்குத் தனியாகக் காசு இல்லை. ஆனால் ஒரு நாள் விடுப்புக்கு விலை உண்டு. அதை அவள் மாத்திரையிலிருந்து கழித்துக்கொண்டிருந்தாள்.

*

குமட்டல் முதலில் வரும், குணம் பிறகுதான் வரும். இந்த வகை மருந்துகளின் கஷ்டமே இதுதான். வயிற்றுத் தொல்லை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். மனசு தேறுவது தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் கத்தி வேலை செய்யத் தொடங்குகிறது.

செர்ட்ரலினில் 25 மில்லிகிராம் என்பது பலருக்கு உடம்பைப் பழக்குவதற்கான அளவு. மனச்சோர்வுக்கு வழக்கமாக 50இல் தொடங்கும், தேவைப்பட்டால் 200 வரை போகும். படிக்கட்டில் முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டு மாடி எங்கே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

நாள் விட்டு நாள் போடுவது இன்னொரு வழக்கம். செர்ட்ரலின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள் போதும். வென்லாஃபாக்சின் என்ற இன்னொரு மருந்து அதைவிட வேகம். விட்ட நாளில் தலை சுற்றும், எரிச்சல் வரும், சிலருக்குத் தலைக்குள் மின்சாரம் சொடுக்கியது போல இருக்கும். "பாத்தியா, ஒரு நாள் விட்டா என்ன பண்ணுது, அடிமையாக்கிடும் போல" என்று பயந்து இன்னும் குறைப்பார்கள். ஃப்ளுவோக்செட்டின் மட்டும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும், ஆகவே அதில் இந்தத் தொல்லை குறைவு.

*

அமிட்ரிப்டிலின் கதை வேறு. தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் இரவில் 10, 25 மில்லிகிராம் கொடுப்பார்கள். அதற்கு அது சரியான அளவுதான். மனச்சோர்வுக்கு வழக்கமாக 75இலிருந்து 150 வரை வேண்டும். 25ஐ வருஷக்கணக்கில் விழுங்கிவிட்டு, மனச்சோர்வு மருந்து எனக்குக் கேட்கவில்லை என்று சொல்பவர்களிடம் என்ன சொல்வது? தூக்கம் வந்திருக்கும். வேறெதுவும் வந்திருக்காது.

*

குறைத்துச் சாப்பிட்டால் உடம்பில் விஷம் சேராது. சேதம் வேறு இடத்தில் நடக்கிறது: நோய் அரைகுறையாகத் தேறி நின்றுவிடலாம். 1995இல் கேம்பிரிட்ஜில் யூஜின் பேக்கல் குழுவினர், மனச்சோர்விலிருந்து மீண்டவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். கொஞ்சம் அறிகுறி மிச்சம் இருந்தவர்களில் 76 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பி வந்தது. முழுசாகத் தேறியவர்களில் 25. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அந்த இரண்டு எண்களும் என்னை விட்டுப் போவதில்லை. திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவைக்கு வழி விடுகிறது.

அக்கா இப்போது அழுவதில்லை. வேலைக்குப் போகிறாள், கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதுகிறாள். ஆனால் தீபாவளிக்கு முறுக்கு பிழிவதை நிறுத்திவிட்டாள். தெங்கு கிளானா சாலையில் பாக்கெட் வாங்கிக்கொள்கிறாள். கேட்டால், "யாருடா அவ்வளவு நேரம் நிப்பா?" வீட்டில் யாரும் இதை நோய் என்று எண்ணவில்லை, வயசு என்று எண்ணுகிறார்கள். பாதிக் குணத்தின் ஆபத்து, அது குணம் போலவே இருப்பது.

*

பிரிக்ஃபீல்ட்ஸில் ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயிலில் அவளுக்காக அர்ச்சனை வைத்தார் பெரியம்மா. நானும் கூடப் போனேன், திருநீறும் வாங்கினேன். சாமிக்கும் செர்ட்ரலினுக்கும் சண்டை இல்லை. விரத நாளில் மாத்திரையையும் சேர்த்து நிறுத்தச் சொல்லும் சொந்தக்காரர்களோடுதான் எனக்குச் சண்டை.

*

மருத்துவர் பக்கமும் ஒரு பங்கு உண்டு. தொடக்க அளவே நிரந்தர அளவாகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் வேறொரு இளம் டாக்டர். "ஓகே ஆ?" "ஓகே டாக்டர்." பழைய சீட்டில் இருந்ததே புதுச் சீட்டிலும் ஏறும். இங்கே அளவைக் கூட்டவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 2019இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, மற்ற மருந்துகளின் அளவையும் ஃப்ளுவோக்செட்டின் அளவாக மாற்றிய கணக்கில் 20இலிருந்து 40 மில்லிகிராம் வரை உள்ள எல்லையே பலன், தொந்தரவு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நல்லது என்றது. ஏற்றிக்கொண்டே போவதில் லாபம் இல்லை. ஆனால் உள்ளே போகும் அளவு தெரியாமல் டாக்டர் எதை வைத்துத் தீர்மானிப்பார்? சீட்டில் 50, வயிற்றில் இருபதோ முப்பதோ. பலன் இல்லை என்றதும் மருந்தை மாற்றுவார்கள். நல்ல மருந்து ஒன்று, முழுசாகச் சோதிக்கப்படாமலே கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு வெளியே போகும்.

*

வெட்டிச் சாப்பிடுபவர்கள் யாராவது இதைப் படித்தால்: நாளைக்கே நீங்களாக முழு மாத்திரைக்குத் தாவவேண்டாம், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அடுத்த அப்பாயின்ட்மெண்டுக்கு மிச்சத் துண்டுகளைப் பையோடு எடுத்துப் போய் டாக்டர் மேசையில் வைத்து, இவ்வளவுதான் சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள். அதுவரை பொறுக்க முடியாத இரவாக இருந்தால் அழைக்க உதவி எண்கள்: பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் 15555.