வீணாக்கவும் நேரம் வேண்டும்
2019 மே இறுதியில், ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் சுத்தியல் விழுந்து தலையில் அடிபட்ட காண்ட்ராக்டர் நேசமணிக்கான விளையாட்டுப் பிரார்த்தனை ட்விட்டரில் உலக அளவில் ட்ரெண்டானது. கெங்கவல்லி டீக்கடையில் ஆண்கள் செல்பேசியைக் கைமாற்றிச் சிரித்தார்கள். வாசற்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துச் சிரித்த பெண்ணிடம் வீட்டில் கேட்டார்கள்: “போன்ல யாரு?”

அதே ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலைக்கு அதைச் செய்யும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டிருந்தார்கள். நேரத்தை வீணாக்குவதற்கும் முதலில் அது நமக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். மிஞ்சும் ஓய்விலும் பூக்கட்டு, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடு என்கிறார்கள்.

ஒன்றுக்கும் உதவாத ஒரு சிரிப்பைத் தோழிக்கு அனுப்பும் ஐந்து நிமிடம், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத நேரம். “யாரு?” என்று கேட்டால் “நேசமணி” என்போம்.