காற்றும் கயிறும்

விதியா, முயற்சியா என்பது நம் பட்டிமன்றங்களில் தேய்ந்துபோன தலைப்பு. நடுவர் கடைசியில் ஆளுக்குப் பாதி என்று தீர்ப்புச் சொல்லி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்தப் பங்கு பிரிப்பே தவறு என்பதற்கு வெப்பக் காற்று பலூன் நல்ல சாட்சி. புத்ராஜெயாவில் 2009இலும் பொள்ளாச்சியில் 2015இலும் தொடங்கிய பலூன் விழாக்களில் கூட்டம் வண்ணங்களைப் பார்க்கிறது. பார்க்க வேண்டியது ஓட்டுநரின் நிலைமையை. அவரிடம் சுக்கான் கிடையாது. எரிவாயுவைக் கொளுத்தினால் பலூன் ஏறும், உச்சியிலுள்ள திறப்பை இழுத்தால் இறங்கும். பக்கவாட்டில் போவதெல்லாம் காற்றின் விருப்பம். ஆனால் உயரத்துக்கு உயரம் காற்றின் திசை மாறக்கூடும். புறப்படுமுன் சிறு பலூன் ஒன்றைப் பறக்கவிட்டு அதைக் கணித்துக்கொண்டு, தமக்கு வேண்டிய பக்கம் வீசும் காற்றைத் தேடி அவர் ஏறுகிறார், இறங்குகிறார். காற்றை அவர் இம்மியும் எதிர்ப்பதில்லை. ஆனாலும் போய்ச் சேரும் இடத்தில் அவர் கை இருக்கிறது. கணியன் பூங்குன்றனார் உயிரை ஆற்றோடு போகும் மிதவைக்கு ஒப்பிட்டார்; ஆற்றுக்கு ஒரே போக்கு, ஆகாயத்துக்குப் பல. ஊழுக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்த வள்ளுவர் தம்மைத் தாமே மறுக்கிறார் என்பவர்கள், அவை இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுவதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

இதற்கு வடசிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. எரிவாயு கையிலிருப்பவனுக்குத்தானே இந்தக் கதை? மலாயாவில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்ட இடம் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டம், ஆண்டு 1917. அந்தக் காலத்துத் தோட்டங்களில் லயத்தில் குடியிருந்தவனுக்கு வேலையும் வீடும் ஒரே முதலாளி கையில். வேலை போனால் கூரையும் போகும். அவனிடம் உயரத்தை மாற்றிக்கொள் என்பது கேலிப் பேச்சு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பலூன் விழாவுக்குப் போகிறவர்களில் பலர் பறப்பதே இல்லை. கயிறு கட்டிய பலூனில் கொஞ்சம் மேலே போய் இறங்கிவிடுகிறார்கள். அந்தப் பலூன் ஓரிடத்தில் நிற்பதற்குக் காற்று பொறுப்பில்லை. தோட்டத்தில் தலையெழுத்து என்று பேசப்பட்டதில் பெரும்பகுதி கயிறுதான். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தது காற்று என்றே வைத்துக்கொள்வோம். யாரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவது என்ற முடிவு கயிறு. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் கிளம்பிய தோட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டுமல்ல, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் இருந்தது. எந்தக் கிரகமும் யாரையும் சைக்கிளிலிருந்து இறக்கியதில்லை. அந்தப் போராட்டம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது, அதை வழிநடத்திய ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். தோற்றதால் அது விதியை மீறப் பார்த்த வீண்முயற்சி ஆகிவிடாது. எதை எதிர்த்தார்கள் என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள்.

சைவ சித்தாந்தம் படித்தவர் இன்னும் ஆழமாகக் கேட்பார்: அந்தக் கயிறே பிராரத்த வினையின் வடிவமாக இருக்கலாமே? இருக்கலாம். ஆனால் அதே சித்தாந்தம் ஆகாமியம் என்று ஒன்றையும் சொல்கிறது. இன்று செய்யும் செயல் இன்றே புதிய வினையாகச் சேர்கிறது. கட்டுண்டவனுக்கு அது பழைய வினை என்றால், கட்டியவனுக்குப் புது வினை. வினை சடம், பலனை ஊட்டுபவன் இறைவன் என்பதும் அதே நூல்களின் முடிவுதான். தோட்டத் துரைக்கு அந்தப் பதவியை மெய்கண்டார் கொடுக்கவில்லை. பட்டவனுக்கு ஆறுதலாக வினையைப் பேசுவது வேறு, செய்தவனுக்கு விடுதலைப் பத்திரமாக அதை நீட்டுவது வேறு. நம் மேடைகளில் இரண்டாவதே அதிகம் நடக்கிறது. மேடைக்கு வெளியே கதை வேறு. நைகல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீடு கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டே அவர்கள் கிளம்பியிருக்கலாம். மனுவை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.