பழியும் பொறுப்பும்: இளையோர் உடற்பருமன் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

யாழ்ப்பாணம் – காங்கேசன்துறை வீதியிலே அமைந்துள்ள மருதனார்மடச் சந்தி, குடாநாட்டு உணவு வாழ்க்கையின் இன்றைய நிலையைச் சுருங்கக் காட்டும் ஓர் இடமாகும். வலிகாமத்துச் செம்மண்ணில் விளையும் மரக்கறிகள் குவியும் சந்தை அங்கே உள்ளது. 1913ஆம் ஆண்டில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய மகளிர் கல்லூரியும் அதன் அயலிலேயே உள்ளது. வீதியோரக் கடைகளிலோ இனிப்புப் பானங்களும் பிஸ்கற்றுப் பொதிகளும் பொரித்த பண்டங்களும் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. பாடசாலை முடிந்ததும் பசியோடு தனியார் வகுப்புக்கு விரையும் மாணவியொருத்தி இவற்றுள் எதனை நாடுவாள்? போத்தற் பானத்தையே நாடினால், அது அவளது குற்றமாகுமா? சிறுவரிடத்தும் கட்டிளமைப் பருவத்தினரிடத்தும் பெருகிவரும் உடற்பருமன் எழுப்பும் அடிப்படை அறவினா இதுவே.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 5 முதல் 19 வயது வரையானோருள் மிகை நிறையுடையோர் 1990இல் நூற்றுக்கு 8 பேராக இருந்தனர். 2022இல் அது 20 ஆக உயர்ந்தது. அவர்களின் தொகை 39 கோடி. அவருள் 16 கோடிப் பேர் உடற்பருமன் உடையோர். முப்பத்திரண்டு ஆண்டுகளில் மனித இயல்பு மாறிவிடவில்லை. உலகெங்குமுள்ள பிள்ளைகள் யாவரும் ஒரே காலத்தில் மனவுறுதியை இழந்துவிட்டனர் என்று கொள்வதும் பொருந்தாது. மாறியது அவர்கள் வளரும் சூழலே. பரம்பரை இயல்பு, கருவிற் பெற்ற ஊட்டம், உணவு, உறக்கம், உடலியக்கம் என்னும் பல காரணிகள் கூடியே ஒரு பிள்ளையின் நிறையைத் தீர்மானிக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பிள்ளையின் தெரிவுக்கு அப்பாற்பட்டவை.

ஊணடக்கத்தைத் தமிழ் அறநூல்கள் வலியுறுத்தியமை உண்மையே. திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம் அளவறிந்து உண்பதையே நோய்த்தடுப்பின் முதற்படியாகக் கொள்கின்றது. எனினும், அவ்வறவுரை யாரை நோக்கியது என்பது சிந்திக்கத்தக்கது. தன் உணவைத் தானே தேடவும் தெரியவும் மறுக்கவும் வல்ல ஒருவனை நோக்கியே அது கூறப்பட்டது. தெரிவு செய்யும் ஆற்றல் இல்லாதவிடத்துப் பழியும் இல்லை என்பது அறவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. வீட்டிற் சமைப்பதையும் சிற்றுண்டிச்சாலையில் விற்பதையும் வகுப்பு நேரங்களையும் பிள்ளை தீர்மானிப்பதில்லை.

அவ்வாறாயின் பழி பெற்றோருக்குரியதா? இவ்விடத்து அண்மைக்கால வரலாற்றை நினைவுகூர்தல் வேண்டும். 1990 முதற் சில ஆண்டுகள் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை நிலவியது. எரிபொருள் இல்லை, சீனியும் மாவும் அரிய பொருள்களாயின, ஜாம் போத்தல் விளக்கொளியிற் பிள்ளைகள் படித்தனர், முதியோரும் துவிச்சக்கர வண்டியையே நம்பினர். அக்காலத்துச் சிறுவர் பலர் இன்று பெற்றோராயுள்ளனர். தமக்குக் கிடைக்காதது தம் பிள்ளைக்குக் குறைவறக் கிடைக்கவேண்டும் என அவர்கள் விழைவது இயல்பே. ‘இன்னும் கொஞ்சம் சாப்பிடு பிள்ளை’ என்னும் சொல்லிற் பேராசையைக் காண்பது தவறு. அங்கே பேசுவது பழைய பசியின் நினைவாகும். எனினும், அன்பிலிருந்து பிறக்கும் செயல் யாவும் நன்மையே பயக்கும் என்பதற்கில்லை.

ஆகவே பழியையும் பொறுப்பையும் வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகின்றது. பழி கடந்ததை நோக்கியது. ஒருவரைச் சுட்டி நிற்பது. பொறுப்போ வருவதை நோக்கியது. அவரவர் ஆற்றலுக்கேற்பப் பலராலும் பகிரப்படுவது. நம் சமூகம் பழியைப் பிள்ளைக்கும் பொறுப்பை எவருக்குமின்றியும் வைத்துள்ளது. கொழுத்த குழந்தையை ‘நல்ல வளர்த்தி’ என மெச்சுவோரே, அது பன்னிரண்டு வயதை எட்டியதும், பெண்பிள்ளையாயின் சிறப்பாக, பட்டப்பெயர் சூட்டி நகைக்கின்றனர். நாணத்தாற் பிள்ளை மெலிவதில்லை. விளையாட்டிடத்தை விட்டு விலகுகின்றது, மறைவில் உண்ணப் பழகுகின்றது. ஆதலின் ஏளனம் அறத்துக்கு மாறானது மட்டுமன்று, பயனற்றதுமாகும்.

மெலிந்த பிள்ளைகளே இன்னும் பலராயிருக்கும் நாட்டில் பருமனைப் பற்றிய பேச்சு ஆடம்பரமல்லவா எனச் சிலர் வினவலாம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இவ்வினா வலுப்பெற்றுள்ளது. ஆயின் இரண்டும் எதிரெதிர் நோய்களல்ல. சத்துள்ள உணவு விலையேறி, மாவும் சீனியும் எண்ணெயும் மலிவான நிறைவைத் தரும் ஒரே சந்தையிலிருந்தே இரண்டும் தோன்றுகின்றன. ஒரே வீட்டிலும் இரண்டும் காணப்படலாம். மேலும், தென்னாசியரிடத்து மெலிந்த தோற்றத்தினுள்ளும் கொழுப்பு மிகுந்திருத்தல் கூடும். நீரிழிவு அவர்களைக் குறைந்த நிறையிலேயே பற்றுகின்றது.

அரசு தன் பொறுப்பை ஓரளவு உணர்ந்துள்ளது. இலங்கையில் 2016இல் இனிப்புப் பானங்களுக்கு நிறக்குறியீடு நடைமுறைக்கு வந்தபோது, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்ட சீனியுடையவற்றுக்குச் சிவப்பு நிறம் விதிக்கப்பட்டது. அத்தகைய 400 மில்லிலீற்றர் போத்தலொன்றில் ஏறத்தாழ 11 தேக்கரண்டிச் சீனி உண்டு. 2017இன் இறுதியிற் சீனியின் அளவுக்கேற்ற வரியும் வந்தது. எனினும், தாகத்தோடு வரும் பிள்ளைக்கு நல்ல குடிநீர் அருகில் இல்லையெனில் சிவப்பு வட்டம் வெறும் அலங்காரமே.

எஞ்சியவை ஊரின் கையில் உள்ளன. சந்தையில் விற்கும் வாழைப்பழமும் அவித்த பயறும் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையை அடைதல், வீட்டில் யாவரும் ஒரே உணவை உண்ணல், போதிய உறக்கம் ஆகியன அவற்றுட் சில. பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பாடசாலைக்கும் தனியார் வகுப்புக்கும் இடையே அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவைக்காத பெரியோர், பிள்ளை ஓடியாடுவதில்லை எனக் குறைகூறும் உரிமையை இழக்கின்றனர். ஆண்பிள்ளைக்கு மைதானம் உண்டு. பெண்பிள்ளைக்கும் பந்தாட்டமோ நடனமோ அச்சமின்றி மிதிவண்டியோட்ட வீதியோ வேண்டும். வளரும் பிள்ளையைப் பட்டினியிடல் ஆகாது. பல வேளைகளில் உயரம் கூடும்போது நிறையை மேலும் ஏறவிடாது காத்தலே போதுமானது. அதனை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும்.

இவ்வாறு கூறுவது பிள்ளையைத் தன்னடக்கத்திலிருந்து விடுவிப்பதாகாது. தன்னடக்கம் பிறவிக்குணமன்று, அது பழக்கத்தால் விளைவது, விளைவதற்கு நிலம் வேண்டுவது. வயது ஏற ஏற அப்பொறுப்பிற் பிள்ளையும் பங்கு கொள்ளும். அதுவரை, மருதனார்மடச் சந்தியில் நிற்கும் மாணவி எதனை வாங்கினாள் என்று கேட்பதற்கு முன், அவள் வாங்கத்தக்கதாக அங்கே எதனை வைத்தோம் எனச் சமூகம் தன்னையே வினவுதல் வேண்டும்.