நதிமூலம்

நதிமூலம், ரிஷிமூலம் விசாரிக்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். கிளறிப் பார்த்தால் எங்கேயாவது சேறு கிளம்பும் என்ற அனுபவத்தில் பிறந்த வாக்கு அது. ஆனால் பைபிளில் மத்தேயுவின் சுவிசேஷம் மூலத்தை விசாரித்துக்கொண்டேதான் தொடங்குகிறது. ஆபிரகாமிலிருந்து யோசேப்பு வரை, இன்னாருக்கு இன்னார் பிள்ளை என்று ஒரே பெயர் வரிசை. கதை படிக்க வந்தவர்கள் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு மேலே போய்விடுவார்கள். பாவம், கதையெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது!

யூதர்களுக்கு வமிசாவளி உரிமைப் பத்திரம் போன்றது. கி.மு. 538-ல் பாரசீக மன்னன் கோரேஸ் அனுமதி அளித்த பிறகு பாபிலோனிலிருந்து ஊர் திரும்பியவர்களில், சில ஆசாரியக் குடும்பங்களுக்குத் தங்கள் வமிச அட்டவணை அகப்படவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்களை ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கினார்கள் என்கிறது எஸ்றாவின் புத்தகம்.

அப்படிப்பட்ட சமூகத்தில் வமிசாவளி எழுத உட்காருகிறவன், களங்கமானதை மறைக்கத்தானே பார்ப்பான்? மத்தேயுவுக்கும் பெயர்களை விடத் தெரியும். தலைமுறைகளை மூன்று பதினான்குகளாக வகுத்த அவர், அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூன்று அரசர்களைச் சேர்க்கவில்லை. அரசர்களை விட்டவர், மரியாளுக்கு முன்னால் நான்கு பெண்களை மட்டும் விடாமல் சேர்த்திருக்கிறார். சாராளும் ரெபெக்காளும் போன்ற குலமாதாக்களா அவர்கள்? இல்லை. மாமனாரால் கருவுற்ற தாமார். எரிகோ நகரத்து வேசி ராகாப். மோவாப் தேசத்து விதவை ரூத். பத்தாம் தலைமுறையானாலும் மோவாபியரைச் சபையில் சேர்க்கக் கூடாது என்பது மோசேயின் சட்டம். அந்த ரூத்தின் பேரனுக்கு மகன்தான் தாவீது ராஜா! நான்காமவள் பத்சேபாள். அவளைப் பெயர் சொல்லாமல், உரியாவின் மனைவி என்றே குறிக்கிறார் மத்தேயு. தன் போர்வீரனைப் போர்முனையில் சாகவைத்து, அவன் மனைவியைத் தாவீது எடுத்துக்கொண்ட பாவம் முழுவதும் அந்தக் குறிப்பில் அடங்கிவிடுகிறது.

தாமாரின் கதையில் சற்று நிற்க வேண்டும். யூதாவின் மூத்த மகனை மணந்து இழந்தாள். பிறகு இரண்டாம் மகனையும் இழந்தாள். மூன்றாமவனுக்குக் கட்டிவைப்பதாகச் சொன்ன மாமனார், சொன்ன சொல்லை மறந்துவிட்டான். அவள் முக்காடிட்டு வழியோரம் உட்கார்ந்தாள். யாரென்று தெரியாமலே யூதா அவளைச் சேர்ந்தான். கூலிக்கு ஈடாகத் தன் முத்திரையையும் கைக்கோலையும் கொடுத்தான். மூன்று மாதத்துக்குப் பின், மருமகள் கர்ப்பம் என்ற செய்தி வந்தது. அவளை எரித்துவிடும்படி உத்தரவிட்டான் அந்தக் குடும்பத் தலைவன். அவள் ஈட்டுப் பொருள்களை அனுப்பிவைத்தாள். அந்தக் கோல் என்னுடையது அல்ல என்று யூதா சாதித்திருக்கலாம். ஆதரவற்ற ஒரு விதவையின் பேச்சை யார் நம்பப் போகிறார்கள்? ஆனால், நியாயம் தன்னைவிட அவள் பக்கமே அதிகம் என்று அவன் ஒப்புக்கொண்டான். தாமார் பிழைத்தாள். அவள் வயிற்றில் பிறந்த பாரேஸின் வழியில்தான் தாவீது வந்தான்.

வரிசையின் மறுமுனையில் நிற்பவர் யோசேப்பு. மரியாள் சுமப்பது தம் குழந்தை அல்ல என்று அவருக்குத் தெரியும். ஒருவருக்கும் தெரியாமல் அவளை விலக்கிவிட நினைத்தவர், சொப்பனத்தில் தூதன் சொன்ன வார்த்தையை ஏற்று அவளை மனைவியாகச் சேர்த்துக்கொள்கிறார். குழந்தைக்குப் பெயரும் இடுகிறார். இத்தனை தலைமுறைகளாக இரத்தச் சங்கிலியை எண்ணிக்கொண்டே வந்தால், கடைசிக் கண்ணியில் இரத்தம் இல்லை! ஒரு மனிதன் ஏற்றுக்கொண்டான் என்பது மட்டுமே இருக்கிறது.

தன் இரத்தத்தையே எரிக்கப் போனவன் ஒருவன். தன் இரத்தம் அல்லாததைத் தன் பிள்ளை என்று ஏற்றவர் மற்றொருவர். இருவரையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தால், குலத்தைக் காப்பது பிறப்பா, பொறுப்பா என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. தாமாரை யூதா மறுத்திருந்தால் அந்த வமிசம் அங்கேயே சாம்பலாகியிருக்கும்.

எந்தக் குடும்பத்து வமிசாவளியிலும் எழுதாமல் விட்ட பெயர் ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் பெயராக இருக்கும். அந்தப் பெயரையும் எழுதத் துணிகிறவர்களே மற்றப் பெயர்களைப் பெருமையோடு சொல்லிக்கொள்ள உரிமை உடையவர்கள்.